ஆறு ஆண்டுகள் ஓட்டிய ஏடிவி: புகையும் இழுவைக் குறைவும் எங்கிருந்து வந்தன

நான் பயன்படுத்துவது 400 சிசி, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் பொருத்திய ஏடிவி (எல்லா வகைத் தரையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி). சேற்றிலும் ஏற்றத்திலும் சுமை இழுப்பதற்காக வாங்கிய இந்த வண்டி முதல் நான்கு ஆண்டுகள் அந்த வேலையைக் குறையில்லாமல் செய்தது. ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஒரு சிவிடி பெல்ட் (கியர் மாற்றாமலே வேக விகிதத்தை மாற்றும் பட்டை) ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் மாற்ற நேரவில்லை. ஐந்தாம் ஆண்டில்தான் சைலன்சர் புகைக்கத் தொடங்கியது. அதன் காரணத்தைக் கண்டறிய எனக்கு ஏறக்குறைய எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதங்களில் நான் செய்த தவறுகளே இந்த வண்டியைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்ததால், இந்தப் பகிர்வின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது.

முதலில் தெரிந்த அறிகுறிகள் இவை. சில நாள் நிறுத்தி வைத்த வண்டியை ஸ்டார்ட் செய்தால், நீலமும் கறுப்பும் கலந்த அடர்ந்த புகை இரண்டு மூன்று நிமிடங்களுக்கு வரும். ஐட்லிங் ஏறி இறங்கும். ஆக்சிலரேட்டரைப் பாதிவரை அழுத்தினால் இன்ஜின் திணறி, பிறகு திடீரென்று பிடித்துக்கொண்டு இழுக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு நாள் உலர்ந்த கரி படிந்திருக்கும். இன்னொரு நாள் ஈரமாக இருக்கும். வண்டியைப் பார்த்த மெக்கானிக், "ஆயில் குடிக்கிறது, ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரித்துப் போர் போட வேண்டும்" என்றார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்; போர் போடுவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது. ஏடிவியைப் பொறுத்தவரை அவர் சொன்னது நியாயமற்ற ஊகம் அல்ல. புழுதியில் முன்செல்லும் வண்டியின் பின்னாலேயே ஓட்டும் பழக்கமும், சரியாகப் பொருந்தாத ஏர் ஃபில்டரும் சேர்ந்தால், உள்ளே போகும் நுண்மணல் சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் விரைவில் தேய்த்துவிடும். ஆனால் என் ஃபில்டருக்கு அப்பால், கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பார்த்தபோது ஒரு துகள் மணல்கூட ஒட்டவில்லை. அதனால் உடனே இன்ஜினைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

புகையின் நிறத்தைப் பற்றி எல்லோரும் அறிந்தது ஒன்று உண்டு: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், குளிர்ந்த இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளை என்றால் கூலன்ட் உள்ளே கசிகிறது. இது சரிதான், ஆனால் நிறத்தைக் காட்டிலும் புகை எப்போது வருகிறது என்பது அதிகம் சொல்லும். நீலப் புகை காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகள் மட்டும் வந்து நின்றால், அல்லது இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மீண்டும் அழுத்தும்போது வந்தால், வால்வு சீலையோ (வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) வால்வு கைடையோ (தண்டு நகரும் குழல்) சந்தேகிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விடும்போது உள்ளிழுப்புப் பாதையில் உண்டாகும் வெற்றிடம் வால்வுத் தண்டின் வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. சுமையோடு ஏற்றத்தில் இழுக்கும்போது புகை கூடிக்கொண்டே போனால்தான் ரிங்கின் மீது பழி விழ வேண்டும். வண்டி ஒருமுறை கவிழ்ந்து, அதன் பிறகு புகைத்தால், ஆயில், இன்ஜினின் உள்காற்றை வெளிவிடும் ப்ரீதர் குழாய் வழியாக, ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர்பாக்ஸுக்குள் வடிந்திருக்கும்; அதைத் துடைத்துச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும்.

என் வண்டியின் புகை இவற்றில் எதற்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஏற்றத்தில் கூடவில்லை, மாறாக, ஒரு மணி நேரம் நன்றாக ஓட்டினால் குறைந்தது.

அப்போது நான் வழக்கமான வேலைகளையே செய்தேன். புதிய பிளக் போட்டேன்; மூன்று நாட்கள் அருமையாக ஓடியது, நான்காம் நாள் பழைய நிலை. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் பாயும் சிறு துளைகளான பைலட் ஜெட்டையும் மெயின் ஜெட்டையும் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். சோக் பிளஞ்சர் (குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் திறந்துவிடும் தண்டு) மேலே சிக்கி நிற்கிறதா, காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடை இயக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. சைலன்சரின் தீப்பொறி தடுக்கும் வலையில் படிந்திருந்த கரியையும் தட்டி எடுத்தேன், சற்று இழுவை கூடியது. ஆயில் மாற்றியபோது மட்டும் புகை இரண்டு வாரங்களுக்கு ஏறக்குறைய மறைந்தது. இதைக் கண்டு, பழைய ஆயில்தான் காரணம் என்று நிம்மதி அடைந்தேன். தவறான பழுதுபார்ப்பு தரும் தற்காலிக நன்மையைப் போல மனிதனை ஏமாற்றுவது வேறு இல்லை.

திருப்பம் தற்செயலாக வந்தது. மழையின் காரணமாகப் பத்து நாட்கள் வண்டியை எடுக்காமல் இருந்து, அதற்குப் பிறகு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. ஆயில் எரிக்கும் இன்ஜினில் ஆயில் குறைய வேண்டும், இங்கே கூடியிருந்தது. முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வந்தது, விரலிடையில் தேய்த்தால் தண்ணீர் போல ஓடியது. அதுவரை நான் புகையை ஓட்டிய நேரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தி வைத்த நாட்களோடு ஒப்பிட்டதே இல்லை. என் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, மோசமான ஸ்டார்ட் ஒவ்வொன்றும் நீண்ட நிறுத்தத்துக்குப் பின் வந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கோளாறு ஓட்டும்போது அல்ல, நிறுத்தி வைத்தபோதுதான் வளர்ந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது; பேரிங்கையும் கேமையும் காக்கும் ஆயில் படலம் அதில் நிற்காது. ஆயில் தொட்டியில் பெட்ரோல் ஆவியும் சேர்ந்திருப்பதால், அருகில் தீப்பொறி எதுவும் இருக்கக் கூடாது. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தேங்கியிருக்கக் கூடும் என்பதால் பிளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரை அழுத்துவதும் ஆபத்து. திரவத்தை அழுத்த முயன்று கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

அடுத்த சோதனை எளிது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் முனையில் ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைக் கார்புரேட்டரை ஒட்டி மேல்நோக்கிப் பிடித்து, வடிகால் திருகைத் தளர்த்தினால், கிண்ணத்தில் பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது குழாயில் தெரியும். அது கிண்ணம் சேரும் கோட்டுக்கு அருகில் நின்றுவிட வேண்டும். என் வண்டியில் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. கிண்ணத்திலுள்ள ஃப்ளோட் (மிதவை) உயரும்போது பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசியைக் கழற்றி உருப்பெருக்கியின் கீழ் பார்த்தபோது, அதன் ரப்பர் முனையில் வளையம் போல ஒரு தேய்மானக் கோடு விழுந்திருந்தது. ஊசி அமரும் பகுதியைச் சுற்றியுள்ள ஓ-ரிங்கும் கல்லாகிப் போயிருந்தது. ஜெட்டுகளை இரண்டு முறை சுத்தம் செய்த நான் இதை ஒருமுறைகூடக் கழற்றவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. ஊசி கசிந்தால் மிகை பெட்ரோல் வழிவு குழாய் வழியாகத் தரையில் சொட்ட வேண்டும் அல்லவா? வண்டியின் கீழே ஒரு துளிகூட நான் கண்டதில்லை. அந்தக் குழாயின் நுனியைத் தேடிப் பிடித்தபோது, அது காய்ந்த சேற்றால் இறுக அடைபட்டிருந்தது. வழிய இடமில்லாத பெட்ரோல் உள்ளிழுப்புப் பாதைக்குள் ஏறி, சிலிண்டருக்குள் புகுந்து, ரிங்குகளின் இடைவெளி வழியாக ஆயிலில் இறங்கியது. மட்டம் உயர்ந்து நீர்த்த ஆயிலைச் சுழலும் க்ராங்க் அடித்துத் தெறிக்கவிட, அது ப்ரீதர் வழியாக ஏர்பாக்ஸுக்குப் போய்ப் புகையாக வெளிவந்தது. இன்ஜின் சூடானதும் ஆயிலிலிருந்த பெட்ரோல் ஆவியாகி அதே ப்ரீதர் வழியே திரும்பி வந்து கலவையில் பெட்ரோலை மேலும் கூட்டியதால் இன்ஜின் திணறியது. நீண்ட ஓட்டத்தில் அது தீர்ந்ததும் புகை குறைந்தது. நீலமும் கறுப்பும் ஏன் சேர்ந்து வந்தன என்பது அன்றுதான் விளங்கியது.

ஊசி, ஓ-ரிங், வழிவு குழாய் ஆகியவற்றை மாற்றி, ஃப்ளோட் உயரத்தைச் சரிசெய்து, ஏர்பாக்ஸைத் துடைத்து, ஆயிலை மாற்றினேன்; சிறிது ஓட்டிவிட்டு அதை மறுபடியும் ஒருமுறை மாற்றினேன். ரிங் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்க சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் செய்தேன். சூடான இன்ஜினில், ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்துத்தான் அளக்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதை எளிதாக்கும் டிகம்ப்ரஷன் அமைப்பு உள்ள இன்ஜின்களில் அளவு இயல்பாகவே குறைவாகக் காட்டும் என்பதை மறந்துவிட்டு ரிங்கைக் குறை கூறுவோர் உண்டு. ஒரு தேக்கரண்டி ஆயிலைப் பிளக் துளையில் விட்டு மீண்டும் அளந்தபோது அளவு பெரிதாக உயரவில்லை; ரிங் தேய்ந்திருந்தால் உயர்ந்திருக்கும். வால்வு இடைவெளியைப் பார்த்ததில் எக்ஸாஸ்ட் வால்வு சற்று இறுகியிருந்தது; அதைக் கையேட்டின் அளவுக்குத் தளர்த்தியதும் காலை ஸ்டார்ட் எளிதானது.

அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் ஓட்டிவிட்டேன். இழுவை பழையபடி இருக்கிறது. பிளக் இளம் பழுப்பு நிறத்தில் வருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மெல்லிய நீல இழை ஒன்று இரண்டு நொடிகள் தெரிந்து மறைகிறது. அது வால்வு சீல்; ஆயில் செலவு அளக்கக் கூடியதாக இல்லாததால் இப்போதைக்கு அதைத் தொடவில்லை.

வண்டியின் மீது எனக்கு மூன்று குறைகள் உண்டு. கார்புரேட்டரைத் தொட வேண்டுமானால் இருக்கை, பக்கப் பலகைகள், பெட்ரோல் டேங்க் மேலுறை என்று பாதி வண்டியைக் களைய வேண்டியிருக்கிறது. வழிவு குழாய் சேறு தெறிக்கும் இடத்தில் முடிகிறது. அதன் நுனியைச் சாய்வாக வெட்டி, சற்று மேலே தூக்கிக் கட்டியிருக்கிறேன். பெட்ரோல் டேப் கையால் மூடும் வகை, மூட மறந்தால் டேங்க் முழுவதும் ஊசியின் மீது நிற்கிறது. முன்பு அதை நான் மூடியதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது வண்டியை நிறுத்தும்போது சாவியை எடுப்பதற்கு முன் டேப்பை மூடுகிறேன். டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து அளக்க வேண்டும் என்று என் கையேடு சொல்வதால் அப்படியே அளந்து, ஆயில் மட்டத்தைத் தேதியோடும் இன்ஜின் ஓடிய மணிக்கணக்கோடும் குறித்து வைக்கிறேன். கடந்த பதினான்கு குறிப்புகளிலும் மட்டம் ஒரே கோட்டில்தான் நிற்கிறது.