ஏழுக்கு இரண்டா, ஆறுக்கு மூன்றா: எங்கள் பூல் மேசைக்கு எந்த ஹாண்டிகாப்?

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் இரண்டு மேசை போட்ட ஒரு இடத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பூல் ஆடுகிற எங்கள் கூட்டம் எட்டுப் பேராக இருந்தவரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை, தோற்றவர் மேசைக் காசு கட்டுவார், வீட்டுக்குப் போவோம். இப்போது பதினாலு பேர். லீக் ஒன்று நடத்தினால் என்ன என்று யாரோ கேட்க, அன்றைக்குத் தொடங்கியது சண்டை. எங்களில் இரண்டு பேர் பிறேக், அதாவது ஆட்டத்தைத் தொடக்குகிற முதல் அடி, அடித்தால் மற்றவன் கதிரையை விட்டு எழும்ப வேலை இராது. நாலு பேர் போன வருசம்தான் கியூ பிடிக்கப் பழகினவர்கள். இவர்களை நேருக்கு நேர் விட்டால் முடிவு என்னவென்று சாத்திரம் பார்க்கத் தேவையில்லை. மூன்றாம் கிழமைக்கு அந்த நாலு பேரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் ஹாண்டிகாப், அதாவது பலவீனமானவருக்கு ஒரு சலுகை, வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எந்த ஹாண்டிகாப் என்பதில்தான் இல்லை.

ஸ்னூக்கர் ஆடின பெரிய ஆட்களுக்கு இது புதுக் கதை இல்லை. (எங்கள் இலங்கையில் கியூ விளையாட்டு என்றால் முதலில் பில்லியட்ஸும் ஸ்னூக்கரும்தான், 1973இல் பம்பாயில் லாஃபிர் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டம் எடுத்த கதையை அப்பாக்கள் இன்றைக்கும் விடமாட்டார்கள்.) கிளப் ஸ்னூக்கரில் பலவீனமானவருக்கு ஆட்டம் தொடங்க முன்னமே இத்தனை புள்ளி என்று எழுதிக் கொடுத்துவிடலாம். எட்டுப் பந்துப் பூலில் (உன் ஏழு பந்தையும் போட்டபிறகு எட்டாம் பந்தைப் போட்டால் வெற்றி) புள்ளியே இல்லை, வென்றாய் அல்லது தோற்றாய். ஆகவே சலுகையை ஆட்ட எண்ணிக்கையில்தான் கொடுக்கவேண்டும்: நீ ஐந்து ஆட்டம் வெல், அவன் இரண்டு வென்றால் போதும்.

இதை உலகத்தில் பெரிதாக நடத்திக் காட்டினது ஏபிஏ, அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடா ஸ்காபரோவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன் அதில்தான் ஆடுகிறான், அங்கே ஐந்தாம் நிலை. எட்டுப் பந்தில் 2 முதல் 7 வரை நிலைகள், எண் கூடினால் பலமும் கூட, ஒன்பது பந்தில் 1 முதல் 9 வரை. அட்டவணை ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தால் 7க்கும் 2க்கும் ஆட்டம் என்றால் பலமானவர் ஏழு ஆட்டம் வெல்லவேண்டும், மற்றவர் இரண்டு. 7க்கும் 4க்கும் என்றால் 5-2. நாலுக்கு நாலு என்றால் 3-3. ஒன்பது பந்தில் இன்னும் கூர்மை: 1 முதல் 8 வரையான பந்துகளுக்கு ஒவ்வொரு புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, முதலாம் நிலைக்காரர் 14 புள்ளி எடுத்தால் வெற்றி, ஒன்பதாம் நிலைக்காரர் 75 எடுக்கவேண்டும்.

ஆனால் ஏபிஏயின் உண்மையான மூளை இந்த அட்டவணையில் இல்லை, 23 என்ற எண்ணில் இருக்கிறது. ஒரு இரவில் ஐந்து பேர் ஆடுகிறார்கள், அந்த ஐந்து பேரின் நிலைகளைக் கூட்டினால் 23ஐத் தாண்டக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஏழுகளை இறக்கினால் 14 போய்விட்டது, மிச்சம் 9இல் மூன்று பேர், அதாவது சராசரி மூன்றாம் நிலை. போன வருசம் பழகின பெடியன் இங்கே ஒப்புக்குச் சப்பாணி இல்லை, அவன் இல்லாவிட்டால் உங்கள் கெட்டிக்காரன் அன்றைக்குக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கவேண்டியதுதான். மூன்றாம் நிலையும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு தரம் அணிக்காரரிடம் யோசனை கேட்க இடைநிறுத்தமும் உண்டு, மற்றவர்களுக்கு ஒன்று. புதியவர்களை லீக்கில் வைத்திருக்க இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

சரி, குறை? நிலையை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதுதான். ஆட்டத்தின்போது ஒருவர் கொப்பியும் பென்சிலுமாக இருந்து இன்னிங்ஸ், அதாவது இரண்டு பேரும் ஒவ்வொரு முறை மேசைக்கு வந்து போகிற சுற்று, எண்ணவேண்டும், ஒரு வெற்றிக்கு எத்தனை இன்னிங்ஸ் எடுத்தாய் என்பதுதான் உன் தரம், குறைவாக எடுத்தால் நிலை ஏறும். அப்போது கள்ளனுக்கு வழி தெரிந்துவிடும்: வெல்லப்போகிற ஆட்டத்தில் சுகமான பந்தை இரண்டு மூன்று தரம் வேண்டுமென்றே விடு, இன்னிங்ஸ் கூடும், நிலை ஏறாது, வெற்றியும் உனக்கு. இதைத் தடுக்கத்தான் பந்தைப் போடும் எண்ணமில்லாமல் அடிக்கிற அடியைத் தற்காப்பு அடி என்று தனியாகக் குறித்துக் கழிக்கிறார்கள், கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த பத்தைத்தான் எடுக்கிறார்கள். கெட்டிக்கார ஏற்பாடு, ஆனால் குறிப்பவருக்குக் கண் இருக்கவேண்டும், முதுகெலும்பும் இருக்கவேண்டும். நாங்கள் எட்டுக் கிழமை இதைப் பரீட்சித்துப் பார்த்தோம். எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், பொக்கற் வாயில் நின்ற பந்தைத் தவறவிட்டுவிட்டு “சோக் போட மறந்துபோனேன்” என்று, கியூ நுனியில் பூசுகிற சோக்கைச் சாட்டி, சிரித்தார். அதைத் தற்காப்பு அடி என்று எழுத ஒருவருக்கும் துணிவில்லை. அவர் எங்களுக்கு மூத்தவர், மேசைக்காரருக்கும் வேண்டியவர்.

அடுத்தது பிசிஏ பூல் லீக், அதுவும் அமெரிக்காவில்தான். அங்கே நடக்கிறது ஃபார்கோரேட், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தர எண் போடுகிற முறை, வட டகோட்டாவில் ஃபார்கோ நகரில் இருக்கிற மைக் பேஜ் என்ற பேராசிரியர் உருவாக்கினது. இதில் இன்னிங்ஸும் இல்லை, தற்காப்பு அடியும் இல்லை, யார் யாரை எத்தனை ஆட்டம் வென்றார் என்பது மட்டும்தான். இரண்டு பேருக்கிடையில் 100 புள்ளி வித்தியாசம் என்றால் மற்றவர் ஒன்று வெல்ல இவர் இரண்டு வெல்லுவார், 200 என்றால் நாலுக்கு ஒன்று, 300 என்றால் எட்டுக்கு ஒன்று. உலகத்தின் உச்சத்து ஆட்களின் எண் 800க்கு மேலே. எல்லோருடைய எண்ணையும் ஒவ்வொரு நாளும் ஒன்றாகச் சேர்த்துத் திரும்பக் கணிக்கிறார்கள் என்பதால் நீ ஆடின ஆளின் எண் பிறகு மாறினால் உன் எண்ணும் அசையும்.

இதன் அழகு என்னவென்றால் சலுகையைக் கணக்கால் சரிபார்க்கலாம். 100 புள்ளி வித்தியாசம் உள்ள இரண்டு பேரை, முதலில் ஐந்து வென்றவர் என்று சலுகையில்லாமல் விட்டால் பலமானவர் நூற்றுக்கு 86 தரம் வெல்லுவார். அதையே 6-3 என்று வைத்தால் 47 தரம். கிட்டத்தட்டக் காசு சுண்டிப் பார்க்கிற நிலை, புதியவருக்கு ஒரு மயிரிழை சாய்வு. இதைக் கொப்பியில் போட்டுக் காட்டினபோதுதான் எங்கள் இரண்டு கெட்டிக்காரர்களும் முணுமுணுப்பை நிறுத்தினார்கள். கள்ளமும் இங்கே கடினம், எண்ணைக் குறைக்கவேண்டுமானால் உண்மையாகவே ஆட்டம் தோற்கவேண்டும், அணிக்காரர் சும்மா விடுவார்களா?

ஆனால் பொறுமை வேண்டும். ஓர் எண்ணை நம்பலாம் என்று ஃபார்கோரேட் சொல்வது 200 ஆட்டம் பதிவான பிறகுதான். இரண்டு மேசையில் பதினாலு பேர் ஆடி 200க்கு எப்போது வருவது? அதுவரைக்கும் தொடக்க எண் என்று ஒன்றை ஆளைப் பார்த்து மதிப்பாகப் போடவேண்டும். அதோடு நாங்கள் எங்களுக்குள்ளேயே ஆடுகிறோம், வெளியில் எண் உள்ள ஒருவரோடும் ஆடாதவரைக்கும் எங்கள் 500க்கும் அமெரிக்காவில் லாஸ் வேகஸில் ஒருவரின் 500க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை, எங்களுக்கு வேண்டியது ஒழுங்கையில் யார் எவ்வளவு என்பதுதான்.

விதியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, இதை ஆட்கள் கவனிப்பதில்லை. ஏபிஏ எட்டுப் பந்தில் எட்டாம் பந்துக்கு மட்டும் பொக்கற்றைக் காட்டினால் போதும், மற்றப் பந்துகள் குருட்டடியில் விழுந்தாலும் கணக்கு. பிசிஏ பூல் லீக்கில் பந்தையும் பொக்கற்றையும் சொல்லி அடிக்கவேண்டும். பழகுகிறவர்களுக்குக் குருட்டடி ஒரு சந்தோசம், நான் அதை எடுத்துவிட விரும்பவில்லை.

விஎன்இஏ என்று மூன்றாவது லீக் ஒன்றும் இருக்கிறது, வென்றவருக்குப் பத்துப் புள்ளி, தோற்றவருக்குப் போட்ட பந்துக்கு ஒன்று. எழுதுவதற்குச் சுகம், கரம் ஆடினவர்களுக்கு உடனே விளங்கும், எட்டாம் பந்தில் தோற்றாலும் ஏழு கிடைக்கிறது என்பதால் தோற்றவர் முகம் அவ்வளவு வாடாது. ஆனால் ஐந்து பேர் அணியில் ஒவ்வொருவரும் எதிரணியின் ஐந்து பேரோடும் ஆடவேண்டும், 25 ஆட்டம். ஓர் ஆட்டம் பத்து நிமிடம் என்றாலும் ஒரு மேசையில் நாலு மணித்தியாலம் தாண்டும். எட்டரைக்குப் பிறகு பஸ் தேடுகிற ஆட்களுக்கு இது சரிவராது.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், சித்தப்பாவின் மகன் தலையில் அடித்துக்கொண்டாலும், இரண்டையும் கலந்தோம். எண் ஃபார்கோ மாதிரி, வெற்றி தோல்வி மட்டும், மாதம் ஒருமுறை பல்கலைக்கழகத்துப் பெடியன் ஒருவன் லப்டொப்பில் கணிக்கிறான். அணிக்கு உச்சவரம்பு ஏபிஏ மாதிரி, மூன்று பேர் அணி, மூன்று எண்ணையும் கூட்டினால் 1350ஐத் தாண்டக்கூடாது. குருட்டடி செல்லும். சோக் போட மறக்கிற அண்ணைக்குத் தொடக்க எண் 550 போட்டோம். 450 போதும் என்று ஒரு கிழமை வாட்ஸப்பில் வாதாடினார். தோற்றுக் காட்டுங்கோ அண்ணை, தானாக இறங்கும் என்று எழுதினேன். நீலக் கோடு இரண்டு விழுந்தது, பதில் இல்லை.

என் எண் 450. வருகிற சனி அவரோடு ஆட்டம் எனக்குத்தான், அவர் ஆறு, நான் மூன்று. இந்த முறை சோக் கட்டியை நானே அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.