ஏகாண்டமா, ஒட்டா? வடசென்னை வீட்டுக்கு எந்த வீணை

வீணை வாங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்: "ஏகாண்டமா பாத்து வாங்கு, ஒட்டு வேணாம்." தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் பக்கம் குடியிருப்பவருக்கு நான் ஒட்டு வீணையைத்தான் சொல்வேன்.

தஞ்சாவூர் வீணை எந்த வகையானாலும் பலாமரம்தான். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கருவி. உருண்டையான குடம், நீளமான தண்டி, அதன் நுனியில் இருக்கும் யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்டம். தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு. குடமும் தண்டியும் மட்டும் ஒரே கட்டையாக இருந்தால் ஏகதண்டி.

ஏகாண்டத்துக்கு விரிசல் இல்லாத, நன்றாக முற்றிய பெரிய மரம் வேண்டும். குடைவதில் பாதி மரம் சிராயாகப் போய்விடும். விலை ஏறுவது அதனால்தான். நாதம் தடையில்லாமல் ஓடும், கார்வை, அதாவது மீட்டிய ஒலியின் நீட்சி, நிற்கும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் ஏகாண்டத்திலும் குடத்தை மூடும் பலகை தனி, அதன் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரை தனி, தண்டிக்குக் கீழே இருக்கும் சுரைக்காய் தனி. தந்தியின் அதிர்வு முதலில் இறங்குவது குதிரை வழியாக அந்தப் பலகையில். பலகை கனத்துக் கிடந்தால் ஏகாண்டமும் ஊமைதான்.

கச்சேரி மேடைக்கு வேறு கணக்கு. நம் வீட்டுக் கூடத்துக்கு அவ்வளவு பெரிய நாதம் தேவையா? அந்தக் காலத்து மேதை வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்தார்கள். சின்னக் கூடம், மெல்லிய வாசிப்பு.

அடுத்தது போக்குவரத்து. நாலு அடிக்கு மேல் நீளமுள்ள கருவியை ஆட்டோவில் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் சாலையில் போய்ப் பாருங்கள். முதலில் இடிபடுவது யாளியின் மூக்கு. ஒட்டு வீணையில் முகத்தைக் கழற்றி வேறு மாட்டலாம். ஏகாண்டத்தில் உடைந்தால் அங்கேயும் ஒட்டுதான் போட வேண்டும். கொடுத்த காசுக்கு வயிறு எரியும்.

ஒட்டுக்கு ஒரு குறை உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். மட்டமான இணைப்பு வாய் திறந்துவிடும். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் வெள்ளைப் பட்டை ஓடும். அதன் ஓரமாக நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். எங்காவது தட்டினால் அந்த வீணை வேண்டாம்.

அந்தப் பட்டை ஒருகாலத்தில் யானைத் தந்தமாகவோ மான் கொம்பாகவோ இருந்தது. 1986-ல் உள்நாட்டுத் தந்த வணிகத்துக்குத் தடை வந்தது. இப்போது பிளாஸ்டிக் தகடுதான். அதில் உளியால் கொடியும் மயிலும் கீறி, கோடுகளில் வண்ணம் நிரப்பிச் சுரண்டி எடுக்கிறார்கள். கைவேலை அழகுதான், மறுக்கவில்லை. நாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரத்திலேயே செதுக்கிய வேலை இன்னும் அழகு, ஆனால் பள்ளங்களில் நம்மூர்த் தூசி படிந்தால் பல் துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார வேண்டும்.

அலங்காரத்தில் மிச்சம் பிடிப்பதை மேளத்தில் போடுங்கள். தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த படுகையில் தண்டிக்குக் குறுக்கே நிற்கும் 24 உலோக மெட்டுகளையும் காதால் கேட்டு நிறுத்துவதுதான் மேளம் கட்டுவது. கத்திரி வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு அசையும், சுருதி போகும். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் இது நடக்கும். கடையிலேயே சாரணியை, அதாவது முதல் வாசிப்புத் தந்தியை, வெறுமனே மீட்டி, பிறகு 12-வது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். மேல் ஸட்ஜம், அதாவது மேல் 'ஸ', சுத்தமாக விழாவிட்டால் மேளத்தைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

எலக்ட்ரானிக் வீணை ஊர் சுற்றுபவருக்குச் சரி, வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

காசிமேடு, ராயபுரம்காரர்கள் எந்த வீணை வாங்கினாலும் கூடவே ஒரு செட் தந்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துரு ஏறும், மெட்டுகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறை போட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் வையுங்கள்.