ஹாங்காங் ஷியுங் வான்: தராசைப் பார்த்து வாங்க வேண்டிய கடைத்தெரு

ஹாங்காங் தீவில் ஷியுங் வான் மெட்ரோ நிலையத்திலிருந்து மேற்கே சாய் யிங் புன் பக்கம் நீளும் நான்கைந்து தெருக்கள்தான் அந்நகரின் பழைய உலர்பொருள் சந்தை. கவுலூன் பக்கத்து இரவுச் சந்தைகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சாவிக்கொத்தும் விசிறியும் வாங்க வருபவர்களுக்கு இங்கே வேலை இல்லை. சமையலில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு, கருவாட்டு வாசனைக்கு முகம் சுளிக்காதவர்களுக்கு, அரை நாள் போவதே தெரியாது. மற்றவர்கள் அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம்.

நிலையத்தின் ஏ2 வாசல் வழியாக வெளியே வந்தால் விங் லோக் தெரு பக்கத்திலேயே இருக்கிறது. ஜின்செங் என்ற மருந்து வேர், சூப்புக்குப் போடும் பறவைக்கூடு இரண்டுக்கும் பேர்போன தெரு. டிராம் ஓடும் டெ வோ சாலை மேற்கில் கடல்பொருள் கடைகள், கோ ஷிங் தெருவில் மூலிகை மொத்த வியாபாரம். டிராமில் வருபவர்கள் 1906இல் கட்டிய செங்கல் கட்டடமான வெஸ்டர்ன் மார்க்கெட்டை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போது கட்டணம் போட வேண்டும். மீதிச் சில்லறை கிடைக்காது என்பதால் ஆக்டோபஸ் என்ற பயணக் கட்டண அட்டை வைத்துக்கொள்வது நல்லது.

தென்கிழக்காசியச் சரக்கும் வடசீனச் சரக்கும் கைமாறிய இடம் இது. நாம் பாக் ஹோங் என்ற வணிகர் சங்கம் 1868இலேயே இங்கே ஏற்பட்டுவிட்டது. மொத்த வியாபாரப் பழக்கம் இன்னும் போகாததால் யாரும் கூவி அழைப்பதில்லை, கையைப் பிடித்து இழுப்பதும் இல்லை. மூட்டைமேல் படுத்திருக்கும் பூனைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்காது. பேரம் பெரிதாகப் படியாது. அதிகமாக வாங்கினால் கணக்கைக் கொஞ்சம் குறைத்துப் போடக்கூடும், அவ்வளவுதான்.

இங்கே ஏமாறுபவர்கள் பெரும்பாலும் எடைக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். ஹாங்காங்கில் மெட்ரிக், பிரிட்டிஷ், சீன அளவைகள் மூன்றுமே சட்டப்படி செல்லும். இந்தத் தெருக்களில் அதிகம் புழங்குவது சீன அளவை. ஒரு கட்டி, அதாவது மலேசியத் தமிழர்களுக்குப் பழகிய அதே கட்டி, ஏறக்குறைய 605 கிராம். அதில் பதினாறில் ஒரு பங்கு தேல், 37.8 கிராம். தேலில் பத்தில் ஒரு பங்கு மேஸ், நாலு கிராம்கூட வராது. அட்டையில் 80 டாலர் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டி விலையானால் 100 கிராம் 13 டாலர். தேல் விலையானால் அதே 100 கிராம் 212 டாலர். அரைக் கட்டி கேட்டவர் 40 டாலரை எடுத்து நீட்ட, கல்லாவில் 640 என்பார்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சீன எழுத்தைப் பாருங்கள். கட்டிக்கான எழுத்தில் நான்கே கோடுகள். தேலுக்கானதில், கீழ்ப்பக்கம் திறந்த சட்டத்துக்குள் கோடுகள் அடைந்து கிடக்கும். மேஸ் எழுத்து இடது வலதாக இரண்டு பாதி, இரண்டிலும் கோடுகள் நெருக்கமாக இருக்கும். எண் பெரிதாகவும் அலகு நகக்கண் அளவாகவும் எழுதியிருந்தால், அல்லது அலகே இல்லாவிட்டால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். அதே சரக்கு அங்கேயும் இருக்கும். எழுத்துப் பிடிபடாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: எடையைச் சொல்லிக் கேட்காமல், கால்குலேட்டரில் 100 என்று தட்டிக் காட்டி "இத்தனை டாலருக்குக் கொடுங்கள்" என்று கேட்டுவிடுவது.

ஜின்செங் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். கடைக்காரர் வேரை எடைபோட்டு, "சும்மாவே சீவித் தருகிறேன்" என்று இயந்திரத்தில் போட்டுவிடுவார். சீவிய பிறகுதான் அது மேஸ் விலை என்று தெரியவரும். வெட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தத் தந்திரத்துக்காகக் கடைக்காரர்கள் மீது வழக்குகள் நடந்ததுண்டு. 2013 முதல், முக்கியத் தகவலை மறைத்து விற்பதும் வணிக விவரச் சட்டத்தின் கீழ் குற்றம். எல்லாக் கடைகளும் இப்படி இல்லை என்றாலும், மொத்தத் தொகையைத் தாளில் எழுதிக் காட்டும்வரை கத்தி பக்கம் விடக் கூடாது.

முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று பொருள்களைச் சொல்லலாம். ஒன்று, ஜப்பானின் ஹொக்கைடோவிலிருந்து வரும் உலர்ந்த ஸ்காலப், ஒருவகைச் சிப்பியின் சதை. தேன் நிறம், இறுகிய இழை, கையில் ஒட்டாத உலர்வு இருக்க வேண்டும். இரண்டைத் தட்டினால் கூழாங்கல்போலச் சத்தம் வர வேண்டும். மெத்தென்றிருந்தால் ஈரம் ஏறியது, தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். பருமனுக்கேற்பத்தான் விலை ஏறும். கஞ்சிக்கும் சூப்புக்கும் உடைந்த துண்டுகளே போதும். சுவையில் குறை இல்லை, விலை நன்றாக இறங்கிவிடும்.

இரண்டாவது, தொப்பி வெடித்து வெள்ளைக் கோடு ஓடிய தடித்த ஷிடாகே காளான். கடைத்தெருவிலேயே ஏமாறாமல் வாங்க எளிதான சரக்கு இதுதான். முகர்ந்தால் மர வாசனை வர வேண்டும். புளித்த, மூக்கைக் குத்தும் நெடி வந்தால் கந்தகப் புகை போட்டிருக்கலாம். பளீரென்ற வெள்ளைக் காளானுக்கும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு கோஜிப் பழத்துக்கும் இதே சோதனைதான். ஷிடாகேயைச் சுடுநீரில் அவசரமாக ஊறவைத்தால் சுவை குறையும். குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறட்டும். அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு அந்த நீரையும் சமையலில் சேர்க்கலாம்.

மூன்றாவது, சீனாவின் குவாங்டோங் மாகாணத்து ஷின்ஹுயி பகுதியில் பதப்படுத்தும் ஆரஞ்சுத் தோல். ஆண்டு கூடக் கூட நிறம் கறுத்து, விலையும் ஏறும். இருபது, முப்பது ஆண்டுப் பழசு என்று எழுதிய ஜாடிகளை நம்பிப் பணம் கொட்ட வேண்டாம். வயதை நிரூபிக்க வழியில்லை, இளம் தோலைச் சாயமேற்றிக் கறுக்கவைப்பதும் நடக்கிறது. ஐந்தாண்டு அளவில் விற்பதே வீட்டுச் சமையலுக்குத் தாராளம்.

அபலோனி என்ற உலர்ந்த கடல் நத்தை பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 'இரண்டு தலை' என்றால் ஒரு கட்டிக்கு இரண்டே உருப்படி, 'இருபது தலை' என்றால் இருபது. தலை குறையக் குறைய விலை எகிறும். பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்காதிருப்பதே மேல், ஊறவைத்துச் சமைப்பதற்கே நாள்கணக்கில் ஆகும். கோ ஷிங் தெரு மூலிகைகளும் அப்படித்தான். வைத்தியர் சீட்டு இல்லாமல் வேரும் பட்டையும் வாங்குவது வீண், சிலது ஆபத்தும்கூட.

காலம் பார்த்துப் போவது பெரிய வித்தியாசம் செய்யும். மார்ச், ஏப்ரலில் சுவரே வியர்க்கும் அளவுக்கு ஈரப்பதம். சரக்கு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உலர்காற்று வீசும் நாள்கள்தான் சிறந்தவை. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் கூட்டமும் விலையும் சேர்ந்து ஏறும், புத்தாண்டு அன்று தெருவே பூட்டிக் கிடக்கும். மொத்த வியாபாரிகளில் பலர் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. சிறு கடைகளுக்கு ரொக்கம் கொண்டுபோவது நல்லது. விற்பனை வரி கிடையாது என்பதால் விமான நிலையத்தில் திரும்பப் பெறவும் ஒன்றும் இல்லை. படம் எடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். சுறாத் துடுப்பு விற்கும் கடைகளில் கேமராவைக் கண்டாலே முகம் மாறும்.

இந்தியாவுக்குத் திரும்புபவர்கள் கடல் அட்டையையும் கடல் குதிரையையும் தொடவே வேண்டாம். இங்கே கண்ணாடி ஜாடியில் தாராளமாக விற்றாலும், இந்தியாவில் இரண்டும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஸ்காலப், காளான் போன்றவற்றைக் கடையிலேயே காற்று நீக்கிய பையில் அடைத்துத் தரச் சொல்லி, மேலே இன்னொரு பை போட்டுக் கட்டுங்கள். ஒற்றைப் பையோடு பெட்டியில் வைத்தால் துணிகளில் ஏறிய வாடை ஒரு சலவைக்குப் போகாது.