கரையான் வந்த வீடு: சொல்லி விக்கறதா, பெயின்ட் அடிச்சு விக்கறதா?

பெயின்ட் அடிச்சு மறைச்சா விலை குறையாது, அட்வான்ஸும் சீக்கிரம் வரும், ஆனா ஒரு மழைக்காலம் போனா நிலைப்படில மறுபடி மண் கோடு ஏறலாம், அப்போ வாங்கினவங்க நேரா உங்க வாசலுக்குத்தான் வருவாங்க. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவு படிச்சுப் பாருங்க, விக்கறவருக்குத் தெரிஞ்ச, வாங்கறவர் சாதாரணமா பாத்தா கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லியே ஆகணும், மறைச்சா அது மோசடிக் கணக்கு.

சொல்லி வித்தா ரேட் கொஞ்சம் இறங்கும், உண்மைதான். ஆனா எந்த ரூம்ல வந்துச்சு, எப்போ தரையோரமா ஓட்டை போட்டு மருந்து இறக்கினோம், எந்தக் கதவை மாத்தினோம்னு பில்லோட காட்டினா அவங்க பயம் பாதி போயிடும். நான் இதைத்தான் சொல்வேன், பாவம் லோன் போட்டு வாங்கற குடும்பம். வாரண்டி பேப்பர் இருந்தா அதையும் கையில கொடுத்துடுங்க.