நைத்திரேற்றா, உரப்பையா?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கிணற்றுநீரைக் காக்கும் செயற்றிட்டம் ஒன்றுக்கு, பலன் கிடைத்ததா என்று காட்டும் எண்ணை, அதாவது குறிகாட்டியைத் தெரிவுசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. மேசையில் மூன்று கிடந்தன: எத்தனை விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தோம், கிணற்றில் நைத்திரேற்று (உரத்திலும் கழிவிலும் இருந்து நீரில் கலப்பது) எவ்வளவு, ஒரு பரப்புக்கு (எங்கள் ஊர் நில அளவு) எத்தனை கிலோ யூரியா உரம் போகிறது.

பயிற்சிக் கணக்கில் சொல்ல ஒன்றுமில்லை. வரவுப் பதிவேட்டில் கையெழுத்து நிறையும். மதியச் சாப்பாட்டுப் பார்சல் இருந்தால் இன்னும் நிறையும்.

நைத்திரேற்று எடுப்பான எண். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனமே எல்லை சொல்லியிருக்கிறது, நிதி தருபவர்களுக்கும் சட்டென்று விளங்கும். ஆனால் எங்களுடையது சுண்ணக்கல் நிலம், மேலே விழுவது எளிதில் கீழே இறங்கிவிடும். பக்கத்துத் தோட்டக்காரர் போட்ட உரமும், மலசலகூடக் குழியில் ஊறுவதும் அதே நீருக்குள்தான் இறங்கும். ஆவணியில் எடுத்த அளவு மார்கழியில் இராது. எண் இறங்கினால் நாங்கள் இறக்கினோமா, மழை இறக்கியதா?

நான் யூரியாவின் பக்கம் சாய்ந்தேன். செயற்றிட்டம் முடிந்தபின் யார் அளப்பது என்ற கேள்விதான் காரணம். நீரைப் போத்தலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும், பெற்றோல் வேண்டும், கட்டணம் வேண்டும். காசு நின்றால் அளவும் நிற்கும். உரக் கணக்குக்கு ஒரு கொப்பி போதும். அது விவசாயியின் சொந்தச் செலவுக் கணக்கும்கூட. நாங்கள் போகாவிட்டாலும் எழுதுவார்.

பொய்யும் எழுதுவார், சரி. முதல் சுற்றில் எல்லாரும் விவசாயப் போதனாசிரியர் சிபாரிசு செய்த அளவையே ஒப்புவித்தார்கள். ஒரு வெங்காயத் தோட்டத்தில் ஐயா கணக்குச் சொல்லச் சொல்ல, அவர் மனைவி குறுக்கிட்டார்: "அவர் சொல்லுறதை எழுதாதேங்கோ தம்பி. வெறும் பையெல்லாம் வீட்டுக் கோடிக்குள்ள கிடக்கு, போய் எண்ணிப் பாருங்கோ."

அன்றிலிருந்து 50 கிலோ வெறும் பைகளையும் எண்ணுகிறோம்.

இதிலும் ஓட்டை உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது, எந்தப் பயிற்சியும் இல்லாமலே யூரியா குறைந்தது. மழைக்குச் சொன்ன குற்றம் உரத் தட்டுப்பாட்டுக்கும் விலைக்கும் பொருந்தும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க, செயற்றிட்டத்தில் இல்லாத அயல் கிராமம் ஒன்றிலும் பை எண்ணுகிறோம். வெங்காயத்தில் ஒரு போகம்தான் பார்த்திருக்கிறேன். புகையிலைக்கு இது சரிவருமோ தெரியாது. நைத்திரேற்றை முழுக்கக் கைவிடவும் மனம் வரவில்லை. சில கிணறுகளில் மட்டும், தொடக்கத்திலும் முடிவிலும், அதே மாதத்தில் அளக்கிறோம்.