கடனோடு ஒட்டிவரும் காப்பீடு: எதை வைத்துக்கொள்ளலாம், எதை ரத்து செய்யலாம்

ஐந்து லட்சம் ரூபாய் பர்சனல் லோன் கேட்டவருக்கு 5,12,000 என்று ஒப்புதல் கடிதம் வருகிறது. அதிகப்படியான அந்த 12,000 ரூபாய் கடன் காப்பீட்டின் பிரீமியம். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் அடைக்கும் என்பதே இந்தப் பாலிசி. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலையும் விற்கிற விதமும்தான் கோளாறு.

பிரீமியத்தை மொத்தமாக எடுத்து அசலில் சேர்த்துவிடுவதால் அதற்கும் வட்டி ஓடுகிறது. 14 சதவீத வட்டி, 60 மாதத் தவணை என்றால் அந்த 12,000 ரூபாய்க்கு மட்டும் மாதம் 279 ரூபாய் போகும். கடன் முடியும்போது 16,753 ரூபாய் கட்டியிருப்பீர்கள். பிராசசிங் கட்டணத்தையும் கூட்டிய தொகையின் மேல் கணக்கிடும் இடங்கள் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்டில் (கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் தாள்) இந்தக் காப்பீட்டுச் செலவும் தனியாகத் தெரிய வேண்டும், வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் செலவு விகிதத்திலும் சேர வேண்டும். கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய தாள் அதுதான். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு பிடிக்க முடியாது.

அடுத்தது, கிடைக்கும் பாதுகாப்பு. பெரும்பாலான பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை மாதாமாதம் குறையும். காப்பீட்டுச் சான்றிதழோடு ஓர் அட்டவணை இருக்கும். இறப்பு நேர்ந்த மாதத்துக்கு அதில் என்ன தொகை போட்டிருக்கிறதோ அதுதான் வரும். கடன் நெருக்கடியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நான்கைந்து டியூ தவறியிருந்தால் உண்மையான பாக்கி அட்டவணைத் தொகையைவிட அதிகமாக இருக்கும். அந்த வித்தியாசத்தைக் காப்பீடு தராது. ஜாமீன் போட்டவரோ வாரிசோதான் சமாளிக்க வேண்டும்.

வேலை போனால் தவணை கட்டும் என்று சொல்லி விற்கும் கூடுதல் காப்பீட்டில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பொதுவாக மூன்று தவணை வரைதான் தருகிறார்கள். தானாக ராஜினாமா செய்தால் கிடையாது, சரியாக வேலை செய்யவில்லை என்று நீக்கினால் கிடையாது, சொந்தத் தொழில் செய்பவருக்குக் கிடையாது. நிறுவனம் ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்புவதுதான் நடைமுறை என்னும்போது, க்ளெய்ம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆகவே எங்கள் மதிப்பீடு இது: பர்சனல் லோனோடு வரும் காப்பீட்டை, உங்களிடம் போதுமான டர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் பணம் தரும் தனி ஆயுள் காப்பீடு) இருந்தால், ரத்து செய்யுங்கள். வீட்டுக் கடன் வேறு விஷயம். 50 வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் உள்ளவர், ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர், இவர்களுக்கு வெளியே புதிய பாலிசி கிடைப்பது கடினமாகவோ விலை கூடியதாகவோ இருக்கும். மாற்றுப் பாலிசி கையில் வரும் வரை இருப்பதை விடக் கூடாது. ஆனால் விண்ணப்பத்தில் நோயை மறைத்திருந்தால் அந்தக் காப்பீட்டை நம்பி இருக்க முடியாது. ஏஜென்ட் நிரப்பிய உடல்நலக் கேள்விகளை ஒரு முறை வாங்கிப் படித்துவிடுங்கள்.

ரத்து செய்ய நல்ல நேரம் முதல் 30 நாள். ஃப்ரீ லுக் என்ற இந்த அவகாசம் காப்பீட்டுச் சான்றிதழ் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும். காப்பீடு இருந்த நாட்களுக்கான கட்டணம், முத்திரைத் தாள் செலவு, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, இவை போக மீதி திரும்ப வரும்.

கடனோடு வரும் காப்பீடு பெரும்பாலும் குழு பாலிசி. அதில் பாலிசிதாரர் கடன் கொடுத்த நிறுவனம். நீங்கள் உறுப்பினர் மட்டுமே. கிளையில் கொடுத்த கடிதம் மேஜையிலேயே தங்கிவிடுவதற்கு இதுவே காரணம். காப்பீட்டு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு நேரடியாக எழுதி, கடன் நிறுவனத்துக்கு நகல் போடுங்கள். கடன் எண், சான்றிதழ் எண், சான்றிதழ் கிடைத்த தேதி, 'ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து செய்கிறேன்' என்ற ஒரு வரி, அடையாள அட்டை நகல், ரத்து செய்த காசோலை, இவ்வளவு போதும். உயிர், விபத்து, மருத்துவமனைச் செலவு என்று மூன்று காப்பீடுகள் வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் ஒரே கடனில் நுழைந்திருப்பதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம் வேண்டும். சான்றிதழே வரவில்லை என்றால், விண்ணப்பத்தில் தவறான மின்னஞ்சல் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்பதை எழுத்தில் தெரிவித்து வைப்பது பிறகு தேதித் தகராறு வரும்போது உதவும்.

பணம் திரும்பும்போது இன்னொரு சிக்கல். அது கடன் கணக்குக்குப் போனால் அசல் குறையும், ஆனால் தவணை தானாகக் குறையாது. தவணையைக் குறைப்பதா, மாதங்களைக் குறைப்பதா என்று நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். நிலையான வட்டியுள்ள பர்சனல் லோனில் இதை முன்கூட்டிச் செலுத்தியதாகக் காட்டிக் கட்டணம் பிடிக்க வாய்ப்புண்டு. அது பிரீமியம் திரும்பியதுதான் என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். காப்பீடு எடுத்ததற்காக வட்டியில் சலுகை தந்திருந்தால் அது பறிபோகுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் வரும் வரை கோபத்தில் டியூவை நிறுத்தக் கூடாது: பவுன்ஸ் கட்டணம், அபராதக் கட்டணம், சிபில் மதிப்பெண் இறக்கம் மூன்றும் சேர்ந்தால் திரும்பி வரும் தொகையைவிட நஷ்டம் பெரிது.

30 நாள் தாண்டிவிட்டால் சரண்டர்தான் வழி, அதாவது பாலிசியைப் பாதியில் ஒப்படைத்து ஒரு பகுதிப் பணத்தைத் திரும்பப் பெறுவது. தொகை ஏமாற்றமாகவே இருக்கும். சான்றிதழில் உள்ள சூத்திரம் பெரும்பாலும் பிரீமியத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை எடுத்து, மீதி மாதங்களின் விகிதத்தாலும் மீதிக் காப்பீட்டுத் தொகையின் விகிதத்தாலும் பெருக்கும். அந்தச் சதவீதம் 50 என்று வைத்துக்கொண்டால், 12,000 ரூபாய் பிரீமியத்தில் ஓராண்டு கழித்து வருவது சுமார் 4,080 ரூபாய். கடனை முன்கூட்டியே அடைத்தவர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கடன் முடிந்தாலும் காப்பீடு தானாக முடிவதில்லை. தொடரலாம், அல்லது சரண்டர் செய்து பணம் வாங்கலாம். கடன் பாக்கி இல்லை என்ற சான்றான என்.ஓ.சி. வாங்கும் அன்றே அந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள்.

மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் வாங்கும் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு. காப்பீடு போன்றவற்றை முழுச் சம்மதத்தோடுதான் தர வேண்டும், அதன் கட்டணத்தைக் கடன் அட்டையிலேயே எழுத வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி. கணவர் பெயரிலும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்களா என்று அட்டையில் பாருங்கள்.

காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தியில்லையென்றாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கடன் கொடுத்த வங்கி சம்மதமில்லாமல் பணம் பிடித்தது என்பதுதான் புகார் என்றால் அது ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் பக்கம்; உதவி எண் 14448.