டெசிக்கன்ட் டிரையர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வார்ப்புக்கு முன் பிளாஸ்டிக் குருணையை உலர்த்த, வெப்பக்காற்றை மட்டும் ஊதும் ஹாப்பர் (குருணைக் கலன்) டிரையரிலிருந்து, ஈரம் உறிஞ்சும் பொருளால் காற்றை உலர்த்தி அனுப்பும் டெசிக்கன்ட் டிரையருக்கு மாறி ஓராண்டு ஆகிறது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கின் வார்ப்புகளில் கேட் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) அருகே விசிறி போல் விரியும் வெள்ளிக் கோடுகள் இப்போது மழைநாள்களில்கூடத் தென்படுவதில்லை. பழைய டிரையர் அறைக்காற்றையே சூடாக்கி அனுப்பியதால், ஈரம் மிகுந்த நாளில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் குருணைக்குள் புகுந்த ஈரம் முழுமையாக வெளியேறவில்லை. இதுவோ டியூ பாயின்ட் (காற்றிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி வரை உலர்ந்த காற்றைத் தருவதால், 120 டிகிரியில் 4 மணி நேரத்தில் ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கோடுகள் மறைந்ததைவிட இதுவே எனக்கு முக்கியம்: ஈரத்தோடு உருகும் பாலிகார்பனேட்டின் மூலக்கூறுச் சங்கிலிகள் நீராற்பகுப்பால் அறுபடுவதால், பார்வைக்குக் குறையற்ற பொருளும் கீழே விழுந்தால் விரிசல் விடும்.

குறைகளும் உண்டு. உலர்ந்த பின்னும் நைலானை நெடுநேரம் சூட்டிலேயே விட்டால் மஞ்சளிக்கிறது. வெப்பத்தைத் தானாகத் தாழ்த்தும் வசதி இந்த மாதிரியில் இல்லாதது பெரிய குறை. திரும்பி வரும் காற்றின் ஃபில்டரில் தூள் படிந்தால் காற்றோட்டம் குறைந்து, ஹாப்பரின் மேற்பகுதிக் குருணை சூடேறாமலே நின்றுவிடுகிறது. ஆகவே, ஃபில்டரை வாரந்தோறும் கழற்றிச் சுத்தம் செய்கிறோம்.